இடது கண்ணில் சாயங்காலம்

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் எல்லோர் கையிலும் ஒரு டேப்லெட் இருக்கிறது. வாடிக்கையாளர் தன் வீட்டுச் சுவரைப் படமெடுத்து வந்தால், நம் ஓவியத்தை அந்தச் சுவரில் மாட்டியது போலவே காட்டிவிடுகிறீர்கள். சோபாவின் நிறத்துக்குப் பொருந்துமா என்று அதுவே சொல்லிவிடுகிறதாம். எனக்கு மகிழ்ச்சிதான். நான் இங்கே நின்ற காலத்தில் சோபா உறையே கடைக்கு வரும். கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு வருவார்கள். திரைச்சீலைத் துணி வரும், உடைந்த தரை ஓடு வரும். அதை ஓவியத்தின் மேல் வைத்து வைத்துப் பார்த்துவிட்டு, "இந்த மலையில பச்சையக் கொஞ்சம் கொறைக்க முடியுமாக்கா?" என்பார்கள். மலைக்காக யாரும் வரவில்லை என்பது எனக்கு விளங்கச் சில வருடங்கள் ஆயின.

ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்திருந்தவளைக் கூப்பிட்டு அனுபவத்தை எழுதித் தரச் சொன்னது நீங்கள். ஆகவே பொறுத்துக்கொள்ள வேண்டியதும் நீங்கள்தான். சட்டம் அடிப்பது, கேன்வாஸ் இழுத்துக் கட்டுவது, கண்ணாடி வெட்டுவது எல்லாம் பட்டறையில் கற்றுத் தருவார்கள். அதில் நான் மூக்கை நுழைக்கப் போவதில்லை. படத்தின் முன்னால் நிற்கும் ஆள் "பிடிக்கிறது", "பிடிக்கவில்லை" என்று சொல்கிறாரே, அப்போது உங்கள் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் என் பாடம்.

பழைய முதலாளியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். திண்டுக்கல்லில் எல்லோருக்கும் அவர் பாய்தான். குடும்பமே தோல் வியாபாரத்தில் இருக்க, இவர் ஒருவர் மட்டும் படத்துக்கு வந்தார். அவர் வீட்டுச் சுவரில் ஒரு படம் கூடக் கிடையாது. "கடையில நாள் பூராம் கலரப் பாக்குறேன். வீட்டுலயாச்சும் கண்ணு செத்த நேரம் சும்மா இருக்கட்டும்மா" என்பார். அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம் இது: "மொதல்ல கலருதாம்மா புடிக்கும். ஏன் புடிச்சுச்சுன்னு நீ கேட்டேன்னா, அதுக்கப்புறந்தான் படத்துல என்ன இருக்குன்னே பாப்பாங்க."

அதை நான் நம்பவில்லை. நம்ப வைத்தவர் ஒரு கல்யாண மண்டபத்துக்காரர். அந்தி வானம் ஒன்றை ஆசை ஆசையாக வாங்கிப்போனார். மேலே சிவந்த வானம், கீழே கறுத்த மலை. மாட்டிய அன்றைக்கே திரும்பி வந்தது. "எனக்கு எல்லாக் கட்சிக்காரங்க வீட்டுக் கல்யாணமும் வேணும்லக்கா" என்றார். வயல்வெளி காட்டினோம். பச்சையிலும் அவருக்குச் சந்தேகம் வந்தது. கடைசியில் வெள்ளைக் கொக்குகள் நிற்கும் குளத்தைத் தேர்ந்தெடுத்தார். கொக்கின் காலடியில் இருந்த தாமரையை மட்டும் அல்லியாக மாற்றிக் கொடுத்தோம். அந்தப் படம் இன்றும் அந்த மண்டபத்தில் தொங்குகிறது, யார் மனதையும் புண்படுத்தாமல், யார் கண்ணிலும் படாமல்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற கதை. சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு.

ஒட்டன்சத்திரத்தில் தக்காளி மண்டி வைத்திருந்த ஒரு பெரியவர். மண்டிக்காரர் என்றே சொல்கிறேன். கூடையை ஒரு பார்வை பார்த்தால் போதும், பழம் பறித்து எத்தனை நாள் ஆயிற்று, எந்த ஊர் வரைக்கும் தாங்கும் என்று சொல்லிவிடுவாராம். நிறம் பார்ப்பதில் தனக்கு மிஞ்சி ஆள் இல்லை என்பது அவர் எண்ணம். வீடு கட்டியபோது எங்களிடம் ஒரு பெரிய எண்ணெய் வண்ண ஓவியம் வாங்கியிருந்தார். சின்னாளப்பட்டிப் பக்கம் பொட்டல் வெளியில் சாயம் தோய்த்த சேலைகளை நீளநீளமாகக் காயப் போட்டிருக்கும் காட்சி. பல வருடம் கழித்துச் சட்டத்தில் கரையான் ஏறிவிட்டது என்று புதுச் சட்டம் போடக் கொண்டுவந்து கொடுத்தார். நாங்கள் சட்டம் போட்டுக்கொண்டிருந்த நாட்களில் அவர் வலது கண்ணில் புரை எடுக்கும் அறுவை செய்துகொண்டார். அது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதற்கும் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் இருந்திருப்போம்.

படத்தை வாங்கிப்போக மனைவியோடு வந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஏனுங்க, இது எம்படமில்லீங்க."

வேறு யாருடையதையோ எடுத்து வைத்துவிட்டோமோ என்று நான் திரும்பிப் பார்த்தேன். அதே படம்தான். மூலையில் ஓவியரின் கையெழுத்து, துணியின் பின்னால் பழைய நீர்க்கறை, எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றாகக் காட்டினோம்.

"முன்னாடி கையெழுத்தக் காப்பியடிக்கிறவன் பின்னாடி கறையையும் போடமாட்டானுங்களா?" என்றார்.

"என்ன வித்தியாசம்னு சொல்லுங்கண்ணே" என்றார் பாய்.

"அது சாயங்காலமுங்க. வெயில் சாயற நேரம். சேலையெல்லாம் தங்கமாட்டம் கெடக்கும். இது என்னங்க, காலங்காத்தால, பெயின்ட் கடை போர்டாட்டம் பளிச்சுனு."

"நாங்க வித்தப்பவே அது காலைப் படந்தாண்ணே."

"நீங்க வித்ததோட செரி. தெனமும் பாக்கறவன் நானுங்க."

அந்த அம்மா மட்டும் மெதுவாக, "அதே படந்தானுங்க, வாங்க போலாம்" என்றார். "நீ சித்த சும்மா இரு" என்றார் இவர். அந்த அம்மா போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். சண்டையைத் தவிர்க்க நினைக்கும் மனைவி என்று நாங்களும் அவரை அதோடு விட்டுவிட்டோம்.

மண்டிக்காரர் கத்தவில்லை. கத்தியிருந்தால் சமாளித்திருப்போம். நாற்காலியில் உட்கார்ந்து, நாள் முழுக்க ஏலத்தில் தொண்டை கிழியக் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் அந்தப் படத்தின் எதிரில் காபியோடு உட்காருவது பற்றிச் சொன்னார். அங்கே உட்கார்ந்தால்தான் அன்றைய நாள் முடியுமாம். அதற்கப்புறம்தான் யாரிடமும் பேசத் தோன்றுமாம். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் கிளம்பும்போது, "நாளான்னிக்கு வாரனுங்க. எம்படம் இங்க இருக்கோணும். இல்லீன்னா ஸ்டேசனுக்குத்தான் போகோணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பட்டறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க ஆரம்பித்தார்கள். பாய் ஒருவரையும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. "அதே படம்னு நமக்குத் தெரியும். அது இல்லன்னு அவருக்குத் தெரியும். இதுல நம்ம ஆளுகள எதுக்கு விசாரிக்கணும்?" என்றார். நெருக்கடியில் ஒரு முதலாளி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

எனக்குப் பொறி தட்டியது வீட்டில். என் வீட்டுக்காரர் கண் அறுவை முடிந்து வந்த புதிதில், நான் வேட்டிக்கு நீலம் அதிகமாகப் போட்டுவிட்டேன் என்று என்னோடு சண்டை போட்டார். நீலப் புட்டியையே நான் அந்த மாதம் தொடவில்லை. அது நினைவுக்கு வந்ததும், மண்டிக்காரர் கழற்றிய அந்தக் கறுப்புக் கண்ணாடியும் கூடவே நினைவுக்கு வந்தது.

சொன்னபடி அவர் வந்தார். மனைவியும் வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தார். நான் படத்தை வெளிச்சத்தில் நிறுத்தி, "எந்தக் கண்ணுல ஆபரேசன் ஆச்சுங்க?" என்று கேட்டேன்.

"சோத்தாங்கைப் பக்கத்துக் கண்ணு. அதுக்கென்னுங்க அம்மிணி?"

"அதப் பொத்திக்கிட்டுப் பாருங்க."

உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்தினார். அப்படியே நின்றார். பட்டறைக்காரர்கள் எல்லோரும் கதவோரம் வந்துவிட்டார்கள்.

"இதானுங்க. இதானுங்க எம்படம்."

கையை எடுத்தார். மற்றக் கண்ணைப் பொத்தினார். திரும்பவும் மாற்றினார். வலது கண்ணில் காலை, இடது கண்ணில் சாயங்காலம். கை மாறி மாறிப் போய்க்கொண்டே இருந்தது. பட்டறைக்காரர்கள் ஒரு வழியாகச் சிரித்தார்கள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. புரை என்பது கண்ணில் மெல்ல மெல்ல ஏறும் பழுப்பு, அது நீலத்தைத் தின்றுவிடும், வருடக்கணக்கில் ஏறுவதால் நமக்கே தெரியாது என்று டாக்டர் என் வீட்டுக்காரரிடம் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்தேன்.

"அப்ப எதுங்க நெசம்?" என்றார்.

"புதுக் கண்ணுல தெரியுறதுதாங்க நெசம்."

பாய் வேண்டாம் என்று கண்ணைக் காட்டியதை நான் சொல்லி முடித்த பிறகுதான் பார்த்தேன். மண்டிக்காரர் மன்னிப்புக் கேட்டார், பட்டறைக்காரர்களிடமும் தனித்தனியாகக் கேட்டார். படத்தை மட்டும் எடுத்துப்போகவில்லை. "இருக்கட்டுங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

சில நாளில் அவருடைய மகன் வந்து நின்றார். இடது கண்ணுக்கு அறுவை குறித்த அன்று, அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாராம்.

"இந்தக் கண்ணையும் குடுத்துட்டா சாயங்காலத்துக்கு நா எங்க போறதுன்னு கேக்கறாருங்க. முத்திப்போச்சுன்னா கஷ்டம்னு டாக்டர் சொல்றாரு. கேக்க மாட்டீங்கறாரு. நீங்க படம் விக்கறவங்க, கண்ணப் பத்தி உங்கள யாருங்க பேசச் சொன்னது?"

மகன் ஒரு யோசனையும் வைத்திருந்தார். நாங்கள்தான் படத்தை மாற்றிவிட்டோம் என்று ஒப்புக்கொள்ள வேண்டுமாம். அப்பா கோபப்படுவார், ஆனால் கோபத்தோடு போய் அறுவை செய்துகொள்வாராம்.

"ஒத்துக்கிருவேன் தம்பி, நம்ம கட பேரு போனாலும் போகுதுன்னு. ஆனா அவரு கண்ணப் பொத்திப் பாத்துட்டாரே. இனிமே நாங்க திருடுனோம்னு சொன்னாலும் அவரு நம்ப மாட்டாரு" என்றார் பாய். சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். நம் மேல் பழி இல்லை என்று காட்டிய அன்று நான் எவ்வளவு நிமிர்ந்து நின்றேனோ, அந்த அளவுக்குக் குனிந்து நின்றேன்.

முதலில் மஞ்சள் கண்ணாடி போட்டுப் பார்த்தோம். லேசாகப் பழுப்பு ஏறிய கண்ணாடியைச் சட்டத்தில் வைத்து, மண்டிக்காரரை வரவழைத்துப் புதுக் கண்ணால் பார்க்கச் சொன்னோம். "கூலிங்கிளாஸ் போட்டாப்பல இருக்குதுங்க. எம்படம் மஞ்சளா இருக்காதுங்க. சாயங்காலமா இருக்கும்" என்றார். வண்ணத்தைப் பற்றி என் வேலைக்காலம் முழுக்கக் கேட்டதில் எனக்கு உறைத்த பேச்சு இதுதான்.

பிறகு பாய்தான் வழி கண்டுபிடித்தார். "அந்தக் கண்ணு இருக்கும்போதே அது பாக்குறத வரைஞ்சு எடுத்துக்கிருவோம்" என்றார். லீவு நாட்களில் எங்களுக்கு வரைந்து கொடுக்கும் ஒரு பள்ளி ஓவிய ஆசிரியரைக் கூப்பிட்டோம். ஒரு பக்கம் பழைய படம், மறு பக்கம் புதுத் துணி, நடுவில் மண்டிக்காரர். இடது கண்ணால் பழையதைப் பார்க்க வேண்டும், வலது கண்ணால் புதியதைப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றாகத் தெரியும் வரை ஆசிரியர் வண்ணத்தைக் கலக்க வேண்டும்.

"வானம் சரியா இருக்கா?" என்பார் ஆசிரியர்.

"இன்னுங் கொஞ்சம் பழுக்கோணுமுங்க."

"இப்ப?"

"இது கேரளாவுக்கு ஏத்தற அரைப் பழுப்புங்க. எனக்கு உள்ளூர்ல விக்கற பழுப்பு வேணும்."

ஆசிரியர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, "மேடம், நான் படம் வரையிறேனா, தக்காளிக்குத் தரம் பிரிக்கிறேனா?" என்று என்னிடம் கேட்டார். ஒரு நாள் வானம் முழுவதும் முடிந்து, மண்டிக்காரரும் பிரமாதம் என்று சொன்ன பிறகுதான் அவர் காலையிலிருந்து கண்ணை மாற்றிப் பொத்திக்கொண்டிருந்தது தெரிந்தது. அன்றைக்குப் போட்ட வானத்தைச் சுரண்டி எடுத்தோம். ஆசிரியர் வராமல் நின்றுவிடுவாரோ என்று பயந்து பாய் அவருக்குத் தினமும் வீட்டிலிருந்து பிரியாணி வரவழைத்தார். இத்தனைக்கும் நடுவே அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்து பழைய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காபி கொடுத்தோம், மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தோம். வேறு எதையும் நாங்கள் அவரிடம் கேட்கவில்லை.

ஒரு வழியாக மண்டிக்காரர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்து, "ரெண்டும் ஒண்ணாயிருச்சுங்க" என்றார். அடுத்த வாரமே போய் இடது கண்ணுக்கும் அறுவை செய்துகொண்டார். கண் தப்பித்தது என்று மகன் போன் செய்து சொன்னபோது பாய் கடையிலேயே கை ஏந்தித் துவா செய்தார். நானும் மனசார ஆறுதல் அடைந்தேன். ஆனாலும் இரண்டு படங்களையும் கட்டி அனுப்ப வேண்டாம், அவரே வந்து பார்க்கட்டும் என்று சொன்னேன். முன்பு வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதில் எனக்கு அந்த மட்டும் புத்தி வந்திருந்தது.

அந்தப் புதுப் படம் என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊரிலுள்ள ஒரு பிரியாணிக் கடைக்காரர் அதைத் தன் குடும்ப அறைக்கு வாங்கிப்போனார். அந்த நிறத்தைப் பார்த்தாலே பசிக்கிறதாம். நான் கூட அதன் கீழே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். பசித்தது உண்மை. படத்தினாலா என்று தெரியாது.

அப்படியென்றால் மண்டிக்காரர் அதை எடுத்துப்போகவில்லை என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அவர் வந்த அன்று நடந்ததைச் சொல்கிறேன்.

கறுப்புக் கண்ணாடி இல்லாமல் மனைவியோடு வந்தார். நுழைந்ததும் கடையைச் சுற்றிப் பார்த்து, "சுவத்துக்கு வெள்ளையடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். அடிக்கவில்லை. புதுப் படத்தின் மேலிருந்த துணியை எடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லாத்தானுங்க இருக்குது."

இந்தத் தொனியில் யாராவது "நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னால் அந்த வியாபாரம் நடக்காது என்பதை நீங்களும் சீக்கிரம் தெரிந்துகொள்வீர்கள்.

"என்ன கொறைங்க?" என்றேன்.

"கொறையெல்லாம் இல்லீங்க அம்மிணி. நாஞ்சொன்ன மாதிரியே இருக்குது." கொஞ்சம் தயங்கினார். "நாஞ்சொல்லி வரைஞ்ச மாதிரியே இருக்குது."

திரும்பிப் பழைய படத்தைப் பார்த்தார். இரண்டு கண்ணாலும் பார்த்தார். பழக்கத்தில் கை மேலே வந்தது, ஒரு கண்ணைப் பொத்தியது, இறங்கிவிட்டது. எந்தக் கண்ணைப் பொத்தினாலும் இனிக் காலைதான்.

"இதுவும் எம்படமில்லீங்க. எம்படம் ஆஸ்பத்திரியிலயே போயிருச்சாட்ட இருக்குது" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. அறுவைக்கு அனுப்ப அவ்வளவு வேலை பார்த்தவர்கள் நாங்கள். சரியான காரியத்தைத்தான் செய்தோம். இருந்தும் ஒரு மனுஷனிடமிருந்து எதையோ பிடுங்கிவிட்ட மாதிரி எனக்கு இருந்தது. பாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெஞ்சிலிருந்து அந்த அம்மா பேசினார்.

"ஏனுங்க, அந்தக் கத்திரிப்பூச் சேல இப்பத் தெரியுதுங்களா?"

"எது?"

"மூணாவதாக் கெடக்குதே."

மண்டிக்காரர் படத்துக்குக் கிட்டே போனார். "இது மரக்கலராத்தான இருந்துச்சு?"

"கத்திரிப்பூவுங்க. அதுக்காகத்தான் அன்னிக்கு இந்தப் படத்த வாங்கலாம்னு நாஞ்சொன்னது."

அவர் அந்தச் சேலையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஊதா நிறம், ஈரம் காயாமல், ஓரத்தில் மண் ஒட்டிக் கிடந்தது. நான் விற்ற படம்தான். அந்த மண்ணை நானும் அன்றுதான் பார்த்தேன்.

"ஊட்டுக்கு வர்ற சனத்துக்கெல்லாம் சாயங்காலம், சாயங்காலம்னு சொல்லிட்டிருந்தனே. நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னனுங்க. உனக்குக் கலரப் பத்தி என்ன தெரியும்னீங்க."

அந்த அம்மா பெஞ்சிலிருந்து எழுந்தார். மண்டிக்காரர் போய் அந்த இடத்தில் உட்கார்ந்தார்.

"செரி, இப்பச் சொல்லு. மொதல்ல இருந்து சொல்லு."

அந்த அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, இடது ஓரத்தில் காய்ந்துகொண்டிருந்த முதல் சேலையில் விரலை வைத்தார்.